பெரிய பேண்ட், ஒத்தைத் தொண்டை (நீண்ட இழை)

இன்னைக்கு சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, பாம்புக்கடியும் இல்ல. பாட்டு பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

போன வாரம் சின்னப்பொண்ணு பாடின பழைய வீடியோ ஒண்ணைப் பகிர்ந்திருந்தேன். 2011ல எம்டிவி கோக் ஸ்டுடியோவுல கைலாஷ் கேர் கூடப் பாடின 'வெத்தலை'. கீழே கமெண்ட்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. "கிராமத்துப் பாட்டுல டிரம்ஸ், கிடார், கீபோர்டுன்னு ஏத்திக் கெடுத்துட்டாங்க"ன்னு ஒரு கட்சி. "காலத்துக்கு ஏத்த மாதிரி கலையும் மாறும், புலம்பாதீங்க"ன்னு இன்னொரு கட்சி. நூத்துக்கு மேல கமெண்ட். அதுல ஒருத்தர்கூட அந்தம்மாவோட தொண்டையைப் பத்திப் பேசல.

நான் டாக்டர். எனக்கு முதல்ல தெரியிறது தொண்டைதான். அதனால இந்த இழை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். நாட்டுப்புறப் பாடகர் பெரிய பேண்டோட சேர்றதுல எந்தத் தப்பும் இல்ல. சொல்லப்போனா சேரணும். ஆனா நல்ல பெரிய பேண்ட்னா அது பாடுறவருக்கு ஓய்வு கொடுக்கணும். நம்ம ஊர் மேடைகள்ல நடக்குறது நேர் எதிர். பத்துப் பேர் ஒரே நேரத்துல வாசிக்கிறாங்க, அதுக்கு மேல ஒரு பொம்பள கத்துறாங்க. கெட்டுப்போறது பாட்டு இல்லீங்க, தொண்டை.

"டாக்டர், உங்களுக்கு சங்கீதம் தெரியுமா?"ன்னு கேப்பீங்க. தெரியாது. கேக்கத் தெரியும். வத்தல்மலை ஏறி இறங்குற அந்த இருபதுக்கு மேல கொண்டை ஊசி வளைவுல, சிக்னல் போற இடத்துல, போன்ல ஏற்கெனவே இறக்கி வச்ச பாட்டுதான் துணை. அப்படிக் கேட்டதுலதான் இந்த விஷயமே எனக்குப் பிடிபட்டுச்சு. பிடிபட்டது நம்ம ஊர்ப் பாட்டுல இல்ல, டெக்சாஸ் பாட்டுல. கொஞ்ச நேரம் அங்க போயிட்டு வருவோம்.

அமெரிக்காவுல 1930கள். டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம். பருத்திக் காட்டுலயும் எண்ணெய்க் கிணத்துலயும் வேலை பார்க்கிற சனம். சனிக்கிழமை ராத்திரி ஆனா ஆட்டம். ஒரு பிடில், ஒரு கிடார், போதும். வீட்டுக் கூடத்துல ஆடுற வரைக்கும் அது போதும்தான். நூத்துக்கணக்குல ஆளுங்க பூட்ஸ் காலோட மரத்தரையில ஆடுற பெரிய கொட்டாய்க்கு அது எப்படிப் பத்தும்? பிடில் சத்தம் முதல் வரிசையைத் தாண்டாது.

அப்போ சிலர் ஒரு காரியம் செஞ்சாங்க. நகரத்துல ஜாஸ்காரங்க வச்சிருந்த டிரம்ஸ், சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாத்தையும் கிராமத்து பிடிலோட சேர்த்துக்கிட்டாங்க. மின்சாரத்துல பாடுற ஸ்டீல் கிடாரையும் சேர்த்தாங்க. அந்த இசைக்குப் பின்னாடி வந்த பேர் வெஸ்டர்ன் ஸ்விங்.

இதுல பெரிய பேர் பாப் வில்ஸ். 1905ல பிறந்தவர். அப்பா பிடில் வாசிப்பார், குடும்பமே பருத்தி எடுக்கப் போகும். பக்கத்து வரிசையில பருத்தி எடுத்த கறுப்பினத் தொழிலாளர்கள்கிட்ட இருந்து புளூஸ் பாட்டைக் காதுல வாங்கிக்கிட்டவர். 1931ல ஒரு மாவு கம்பெனி விளம்பரத்துக்காக ரேடியோவுல வாசிச்ச குழுவுல இருந்தார். (ஆமா, மாவு. நம்ம ஊர்ல சோப்பு கம்பெனி நாடகம் போட்ட மாதிரின்னு வச்சுக்கோங்க.) அதே குழுவுல பாடின மில்டன் பிரவுன் அடுத்த வருஷமே பிரிஞ்சு தனிக் குழு ஆரம்பிச்சார். வெஸ்டர்ன் ஸ்விங்குக்கு உண்மையான தகப்பன் அவர்தான்னு சண்டை போடுறவங்க இன்னும் இருக்காங்க. 1936ல கார் விபத்துல அடிபட்டு அவர் போய்ச் சேர்ந்துட்டார். பாப் வில்ஸ் 1934ல டல்சா ஊருக்குப் போய், 'டெக்சாஸ் பிளேபாய்ஸ்'னு ஒரு பட்டாளத்தையே உருவாக்கினார். 1940 வாக்குல மேடையில பதினஞ்சு பேருக்கு மேல.

அவரோட 'சான் அன்டோனியோ ரோஸ்' 1938ல வெறும் வாத்திய இசையா வந்துச்சு. 1940ல வரிகள் போட்டு, ஊதுற வாத்தியங்களை வரிசையா நிக்க வச்சு மறுபடி பதிவு பண்ணாங்க. பாடினவர் டாமி டங்கன். இந்த ரெண்டாவது பதிவைக் கேளுங்க. பாட்டைக் கேக்காதீங்க, டாமி டங்கன் எப்பெல்லாம் பாடலன்னு கேளுங்க.

ஒரு சரணம் பாடுவார். பின்னாடி போயிடுவார். ஊதுறவங்க வருவாங்க. இவங்க பாட்டுகள்ல பாப் வில்ஸ் நடுவுல புகுந்து, வாசிக்கிறவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், 'ஆஹா'ன்னு ஒரு இழு இழுப்பார். அதுக்குள்ள பாடகர் தண்ணி குடிச்சு, எச்சில் விழுங்கி, மூச்சு வாங்கி முடிச்சிருப்பார். திரும்ப மைக் முன்னாடி வரும்போது குரல் புதுசா இருக்கும். ராத்திரி முழுக்க ஆட்டம் நடக்கும், அடுத்த நாள் வேற ஊர். இப்படி வருஷக்கணக்குல ஓட்டினாங்க.

அந்தக் காலத்துல அங்கயும் "கெடுத்துட்டாங்க" கட்சி இருந்துச்சு. நாஷ்வில்ல கிராண்ட் ஓல் ஆப்ரின்னு ஒரு பெரிய மேடை. அங்க டிரம்ஸ் ஆகாதுன்னு வச்சிருந்தாங்க. 1944ல பாப் வில்ஸ் டிரம்ஸ் இல்லாம வாசிக்க மாட்டேன்னு நின்னு வாசிச்சார். கிராமத்துப் பாட்டு செத்துப் போகல. 1968ல அதே கன்ட்ரி இசைக்காரங்க அவரைத் தங்களோட மரியாதைப் பட்டியல்ல சேர்த்துக்கிட்டாங்க.

இதுக்கு அப்புறம் நடந்த ரெண்டு சம்பவம்தான் எனக்கு முக்கியம். ஒண்ணு, மெர்ல் ஹகார்ட். முழுக்க முழுக்க கன்ட்ரி பாடகர். 1970ல, மார்க்கெட் உச்சத்துல இருக்கும்போது, பாப் வில்ஸுக்கு மரியாதை செய்யுறதுக்குன்னே ஒரு ஆல்பம் போட்டார். அதுக்காக பிடில் கத்துக்கிட்டார். டெக்சாஸ் பிளேபாய்ஸ்ல இருந்த பழைய ஆளுங்களைத் தேடிக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சார். பாடகர் தன் குரலைக் காட்டுறதுக்குப் பெரிய பேண்ட் பிடிக்கல, வாசிக்கிறவங்களுக்கு இடம் விடுறதுக்குப் பிடிச்சார்.

இன்னொண்ணு வில்லி நெல்சன். 2009ல 'அஸ்லீப் அட் த வீல்'ங்கிற குழுவோட சேர்ந்து பழைய ஸ்விங் பாட்டுகளைப் பாடினார். அப்போ அவருக்கு 75 வயசு. 75 வயசுத் தொண்டைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். குரல் நாண் மெலிஞ்சு, நடுவுல சரியா ஒட்டாம, காத்து கசியும். அந்தத் தொண்டையோட பிடில், ஊதுகுழல், ஸ்டீல் கிடார் எல்லாத்துக்கும் நடுவுல அவர் நிதானமா, பேசுற மாதிரி, தாளத்துக்கு ஒரு எட்டு பின்னாடி நடந்து பாடுறார். திணறல் இல்ல. அவர் நிறுத்துற இடத்தை அவங்க நிரப்புறாங்க. அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஊருக்குத் திரும்புவோம்.

நம்மகிட்ட இந்த ஏற்பாடு இல்லாம இல்ல. தருமபுரி, சேலம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவங்களுக்குத் தெரியும். வேஷக்காரர் ஒரு வரி பாடினா, பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்க பின்பாட்டு எடுப்பாங்க. அந்த நேரத்துல அவர் ஒரு சுத்து ஆடி மூச்சைப் பிடிச்சுக்குவார். விடிய விடிய ஒருத்தர் கர்ணனா நிக்க முடியுதுன்னா அந்தப் பின்பாட்டுதான் காரணம். வில்லுப்பாட்டுல 'ஆமா' போடுறவர் சும்மா போடல. நாத்து நடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடுறதும் இதேதான். பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் ஓய்வு. எந்த இ.என்.டி டாக்டரும் இதைவிட நல்ல மருந்துச் சீட்டு எழுத முடியாது.

வத்தல்மலையில பெரியூர், பால்சிலம்பு பக்கம் இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். பேரைப் பார்த்து கேரளான்னு நினைச்சுடாதீங்க. தமிழ் பேசுறவங்க, காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிங்க வழின்னு பரம்பரையா கதை சொல்லுவாங்க. காப்பியும் மிளகும் ராகியும் சாமையும் விளையுற ஊர். பஸ் வந்தே சில வருஷம்தான் ஆகுது. அங்க விசேஷத்துல வயசானவங்க பாடுறதைக் கேட்டிருக்கேன். ஒருத்தர் எடுப்பார், வரிசையா நிக்கிறவங்க வாங்குவாங்க. மைக் கிடையாது. எழுபது தாண்டினவர் ஒரு மணி நேரம் பாடிட்டு, அடுத்த நாள் முகாம்ல மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க வருவார். தொண்டைக்கு வர மாட்டார்.

தொண்டைக்கு வர்றவங்க கீழே அடிவாரத்துல, திருவிழா சீசன்ல ஆர்கெஸ்ட்ராவுல பாடுறவங்க.

ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தியிருக்கேன், அவங்க அனுமதியும் வாங்கியிருக்கேன். நாப்பதை ஒட்டின வயசு. பகல்ல கூலி வேலை, தை மாசத்துல இருந்து ஆடி வரைக்கும் ராத்திரி பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எல்லாம் அவங்க அம்மாகிட்ட இருந்து வந்தது. அஞ்சு வாரமா குரல் கம்மல்னு வந்தாங்க.

"காலையில கொஞ்சம் பரவால்ல சார். சாயங்காலம் ஆனா வெறும் காத்துதான் வருது."

இ.என்.டிக்கு அனுப்பினேன். உள்ள குழாய் விட்டுப் பார்த்ததுல ரெண்டு குரல் நாண்லயும், நடுவுல, எதிரெதிரா சின்ன முடிச்சு. நோட்யூல்னு சொல்லுவோம். புத்துநோய் இல்ல, பயப்பட வேண்டியதில்ல. கடப்பாரை பிடிச்ச கையில காய்ப்பு வருதே, அது மாதிரி. பெரும்பாலும் ஆபரேஷன்கூட வேண்டாம். குரலுக்கு ஓய்வு, குரல் பயிற்சி, தண்ணி, பாடுற முறையில மாத்தம், இதுலயே சரியாகும்.

"ரெண்டு வாரம் பாடாதீங்கக்கா."

"பங்குனி போகட்டும் சார்."

இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு ராத்திரிக்கு அவங்க வாங்குற காசு ஒரு வாரக் கூலிக்குச் சமம். பங்குனியில வரிசையா தேதி வாங்கியிருக்காங்க. இந்த வருஷம் "முடியாது"ன்னா அடுத்த வருஷம் கமிட்டிக்காரங்க வேற ஆளைக் கூப்பிடுவாங்க. தொண்டையைக் காப்பாத்தச் சொல்லி நான் எழுதுற சீட்டு அவங்க வீட்டுல அடுப்பை அணைக்கிற சீட்டு.

இப்போ அந்த முடிச்சு எப்படி வருதுன்னு கொஞ்சம் பார்ப்போம். இதுதான் என் ஏரியா.

குரல் நாண் ரெண்டு, பொம்பளைங்களுக்கு ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டின நீளம். நம்ம சுண்டுவிரல் நகம் அளவுதான். சாதாரணமாப் பேசும்போது ஒரு பெண்ணுக்கு அது வினாடிக்கு சுமார் 200 தடவை ஒண்ணோட ஒண்ணு மோதித் திறக்குது. அஞ்சு கட்டை சுருதி வச்சு மேல் ஸட்ஜத்தைப் பிடிச்சா வினாடிக்கு 390 தாண்டும். சராசரியா 350னு வச்சுக்கோங்க. ஒரு ராத்திரி நிகழ்ச்சியில வாயில இருந்து சத்தம் வர்ற நேரம் மட்டும் ஒரு மணி நேரம்னா, பன்னிரண்டு லட்சத்துக்கு மேல மோதல். அந்த நகம் அளவு சதையில.

எண்ணிக்கைகூடப் பரவால்ல. மோதுற வேகம்தான் கொல்லும். மெதுவா கை தட்டுறதுக்கும் ஓங்கித் தட்டுறதுக்கும் உள்ள வித்தியாசம். ஓங்கித் தட்ட வைக்கிறது எது? பக்கத்துல இருக்கிற சத்தம்.

எட்டியன் லோம்பார்னு ஒரு பிரெஞ்சுக்காரர், காது மூக்கு தொண்டை டாக்டர். 1911ல ஒரு விஷயத்தை எழுதினார். சுத்தி சத்தம் இருந்தா மனுஷன் தன்னை அறியாமலே குரலை உசத்துவான். சத்தத்தை நிறுத்தினா தானா இறங்கிடுவான். நீங்க ஹெட்போன் போட்டுக்கிட்டு யாராவது கூப்பிட்டா "என்னா?"ன்னு கத்துறீங்களே, அதுதான். இது பழக்கம் இல்ல, மூளையோட அனிச்சை. "கத்தாதீங்க"ன்னு அட்வைஸ் பண்ணி நிறுத்த முடியாது. தன் குரல் தன் காதுல விழுந்தாத்தான் நிக்கும்.

இப்போ நம்ம மேடையை நினைச்சுப் பாருங்க. இடது பக்கம் பேட், வலது பக்கம் டிரம்ஸ், பின்னாடி கீபோர்டு, சில ஊர்ல கூடவே ரெண்டு பம்பை. ஆள் உயர ஸ்பீக்கர் எல்லாம் சனத்தைப் பார்த்து நிக்குது. பாடுறவங்களைப் பார்த்து ஒரு மானிட்டர் பெட்டி வைக்கணும். வச்சிருக்க மாட்டாங்க. இருந்தாலும் அது கீபோர்டுக்காரர் காலடியில கிடக்கும். அந்தம்மாவுக்குத் தன் குரல் கேக்கவே கேக்காது. மூளை சொல்லும், இன்னும் ஓங்கு. ஓங்குவாங்க. அதைப் பார்த்து மிக்சர்ல இருக்கிற தம்பி தாளத்தையும் ஒரு புள்ளி ஏத்துவார். ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மலையேறி நிப்பாங்க.

(சத்தத்தைப் பத்தி ஒரு கணக்கு, போற போக்குல. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு தொழிலாளர் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100ல பதினஞ்சு நிமிஷம்தான். நம்ம திருவிழா ஸ்பீக்கர் பக்கத்துல கைக்குழந்தையைத் தூங்க வச்சிருப்பாங்க. அது தனி இழை, இன்னொரு நாள் திட்டுறேன்.)

அடுத்தது கட்டை. சினிமாப் பாட்டுன்னா ரெக்கார்டுல எந்த ஸ்கேலோ அதே ஸ்கேல்தான் வாசிப்பாங்க, விரல் அப்படிப் பழகியிருக்கு. நாட்டுப்புறப் பாட்டுக்கு அப்படி ஒரு ஒரிஜினலே கிடையாது. எடுக்கிறவங்க தொண்டை எதுவோ அதுதான் சுருதி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பேண்டோட சேரும்போது முதல்ல பறிபோறது இதுதான். கீபோர்டுல ஒரு பட்டனை அழுத்தினா சுருதி இறங்கும். ஊதுற வாத்தியக்காரருக்குக் கொஞ்சம் கஷ்டம், விரல் மாத்திப் பிடிக்கணும். ஆனா முடியாத காரியம் இல்ல. கேக்குறதுக்குத்தான் பாடுற பொம்பளைக்கு அந்த மேடையில அதிகாரம் இல்ல.

பாட்டு கெடுதுன்னு கவலைப்படுறவங்க இங்க கவலைப்படலாம்னு நினைக்கிறேன். டிரம்ஸ் வந்ததால இல்ல, சுருதியையும் நிறுத்துற இடத்தையும் முடிவு பண்ணுற உரிமை கைமாறினதால.

அந்த அக்காவோட கதையில நான் செஞ்சது சின்ன வேலை. அவங்க குழு கீபோர்டுக்காரருக்குப் போன் போட்டேன். முதல்ல, "டாக்டர் எதுக்குங்க எனக்குப் போன் போடுறீங்க?"ன்னு பயந்துட்டார். மூணே விஷயம் கேட்டேன். சுருதியை ஒரு கட்டை இறக்குங்க. மானிட்டரை அவங்க பக்கம் திருப்புங்க. ஒவ்வொரு சரணத்துக்கு நடுவுலயும் நீங்களோ பம்பைக்காரரோ ஒரு நிமிஷம் தனியா வாசிங்க, அவங்க அப்போ பின்னாடி போய் நிக்கட்டும்.

முதல் ரெண்டுக்கும் சரின்னார். மூணாவதுக்குத் தயங்கினார். "சனம் எந்திரிச்சுப் போயிடும் சார்." போகல. அந்தப் பம்பைக்காரருக்கு இருபது வருஷத்துல முதல் தடவையா தனியா ஒரு நிமிஷம் கிடைச்சிருக்கு. அவர் விடுவாரா? அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பசங்க விசில் அடிச்சாங்களாம். இப்போ அது ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சாம்.

அக்காவுக்குக் குரல் முழுசா வரல. வரும்னும் என்னால உறுதி சொல்ல முடியாது, அவங்க நிறுத்தாம பாடிக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா பத்து மணிக்கே காத்து வாங்கின குரல் நிகழ்ச்சி முடியிற வரைக்கும் நிக்குது. ஆனி மாசம் ரெண்டு வாரம் தேதி இல்ல, அப்போ முழு ஓய்வுன்னு பேசி வச்சிருக்கோம்.

இப்போ அந்த 'வெத்தலை' வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்க. சின்னப்பொண்ணு சிவகங்கை மாவட்டம் சூராணத்துக்காரங்க. சின்ன வயசுலயே திருவிழா மேடைகள்ல பாட ஆரம்பிச்சவங்க. திறந்தவெளிக் குரல் அது. 2008ல 'காதலில் விழுந்தேன்' படத்துல வந்த 'நாக்க முக்க' பாட்டோட பெண்குரல் அவங்கதான். தெருவுல அடிக்கிற அடியை ஸ்டுடியோவுக்குள்ள கொண்டுபோய் வச்ச பாட்டு, குரல் மூச்சு விடாம நிக்கணும். ஸ்டுடியோங்கிறதால நடக்கும், நிறுத்தி நிறுத்தி எடுக்கலாம். அதையே மேடையில அப்படியே எதிர்பார்க்கிறோம் பாருங்க, அங்கதான் பிரச்சனை. தினம் ராத்திரி, ஒன்ஸ் மோரோட.

'வெத்தலை'யில பின்னாடி பெரிய பேண்ட். ஆனா பாடுறது ரெண்டு பேர். கைலாஷ் கேர் இந்தியில எடுக்கும்போது இவங்க நிறுத்துறாங்க. இவங்க தமிழ்ல எடுக்கும்போது அவர் நிறுத்துறார். லெஸ்லி லூயிஸ் செஞ்ச ஏற்பாடு. அது தெருக்கூத்துக் கணக்குதான், டெக்சாஸ் கணக்குதான். இதுல கிராமத்துப் பாட்டு எங்கே கெட்டுச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கல. அந்தக் குரலோட கரகரப்பும், வல்லினத்தை அடிச்சுச் சொல்ற அழுத்தமும் அப்படியே இருக்கு.

"வெளிநாட்டு வாத்தியம் சேர்ந்தாலே தீட்டு"ன்னு பேசுறவங்களுக்கு ஒரே பத்தி. தெருக்கூத்துல வாசிக்கிற ஹார்மோனியம் ஐரோப்பாவுல இருந்து வந்தது. உங்க கல்யாணத்துல ஊதின பேண்ட் செட்டு வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்து வந்தது. அண்ணன் பாவலர் வரதராசனோட ஊர் ஊரா மேடையேறின பையன் 1976ல 'அன்னக்கிளி' போட்டார், மேற்கத்திய வாத்தியங்களும் இருந்துச்சு, வயக்காட்டுப் பாட்டும் இருந்துச்சு. 1985ல அதே இளையராஜா இசையில 'ஆண்பாவம்' வந்தப்போ கொல்லங்குடி கருப்பாயி அதுல நடிச்சுப் பாடினாங்க. 2003ல 'தூள்' படத்துல பரவை முனியம்மாவைக் கேட்டு ஆடாத ஊர் உண்டா?

இந்த வரிசையில எனக்கு வேற ஒரு வருத்தம் உண்டு. அவங்க பாட்டெல்லாம் ஊரெல்லாம் ஒலிச்சுச்சு. கடைசிக் காலத்துல பரவை முனியம்மா மருத்துவச் செலவுக்கு அரசு உதவியை எதிர்பார்த்து நிக்க வேண்டி வந்துச்சு, பேப்பர்லயே வந்த செய்திதான். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச பாடகர், கூத்துக்காரர், பம்பைக்காரர் யாராவது அதுல இன்னும் பதிவு பண்ணலன்னா, கையோட கூட்டிட்டுப் போய்ப் பதிவு பண்ணிவிடுங்க. அங்க அலைய அவங்களுக்கு நேரமும் இருக்காது, பழக்கமும் இருக்காது.

இதைப் படிக்கிற விழாக் கமிட்டி ஆளுங்க யாராவது இருந்தா ஒரு வேண்டுகோள். ஆர்கெஸ்ட்ரா பேசும்போது "எத்தனை பாட்டு பாடுவீங்க?"ன்னு எண்ணாதீங்க. நாப்பது பாட்டுன்னு பேசி, முப்பத்தெட்டுல நிறுத்தினா காசைப் பிடிக்கிறீங்க. அந்தப் பழக்கம்தான் ஒரே தொண்டையை விடாம ஓட்ட வைக்குது. மூணு மணி நேரம்னு நேரம் பேசுங்க. அதுல வாத்தியம் மட்டும் வாசிக்கிற நேரமும் சேர்த்தின்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டு பாடகர் கேளுங்க. அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு, வருஷத்துல சில நாளுக்கு மட்டும்தான் மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் நடுராத்திரி வரைக்கும்தான். ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எல்லாருக்கும் நல்லது. சாமி கோவிச்சுக்காது.

கமெண்ட்ல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில் போட்டுடுறேன்.

குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல இருந்தா, பாடகரோ இல்லையோ, இ.என்.டி டாக்டரைப் பாருங்க. பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தா இதைக் கண்டிப்பாச் செய்யுங்க, அது வெறும் காய்ப்பா இல்லாமப் போகலாம்.

குரல் போனா ரகசியம் பேசுற மாதிரி கிசுகிசுன்னு பேசுறது ஓய்வு இல்ல. நிறைய பேருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். ஒண்ணு வாய மூடிக்கோங்க, இல்ல மெதுவா சாதாரணக் குரல்ல பேசுங்க.

நிகழ்ச்சிக்கு முன்னாடி "ஒரு ஊசி போட்டுவிடுங்க சார், குரல் வந்துரும்"னு கேட்டு வர்றாங்க. ஸ்டீராய்டு ஊசியைத்தான் சொல்றாங்க. வீக்கம் குறையும், குரல் வந்த மாதிரி இருக்கும். அந்தத் தெம்புல ஓங்கிப் பாடி, குரல் நாண்ல ரத்தம் கட்டினா வருஷக் கணக்குல பாட்டே போகலாம். உள்ள பார்க்காம யாரும் போடக் கூடாது. நான் போட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

நிகழ்ச்சி முடிஞ்சு ஒரு மணிக்கு பரோட்டா சால்னா சாப்பிட்டுட்டு வண்டியிலயே படுத்துடுறீங்க. வயித்து அமிலம் மேலேறி குரல்வளையைத் தொடுது. காலையில தொண்டையில எதோ நிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றது பல பேருக்கு இதனாலதான். பாடுறதுக்கு முன்னாடி சாப்பிடுங்க, முடிஞ்சதும் லேசா.

கடைசியா, பனங்கற்கண்டு, மிளகு, பால். குடிங்க, இதமா இருக்கும். ஆனா நாம முழுங்குற எதுவும் குரல் நாணைத் தொடாது. தொட்டா புரையேறும். அது வேற குழாய், இது வேற குழாய். தண்ணிகூட உடம்பு வழியா சுத்தித்தான் அங்க போய்ச் சேரும், அதனால மேடை ஏறுறப்ப ஒரு சொம்பு குடிச்சா பத்தாது, காலையில இருந்தே குடிக்கணும்.

பம்பைக்காரர் தனியா வாசிச்ச அந்த வீடியோ இருந்தா போடுங்கன்னு கேக்காதீங்க. போட்டா ஊரு தெரிஞ்சிடும்.